வெருலம் பள்ளிவாசலும் ஒரு வாட்ஸ்அப் கேள்வியும்

உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் அரைமணி நேரத்துக்குள் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்துவிடும். ஆங்கிலத்தில்தான் வரும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்கள் அப்படித்தான். தமிழில் சொன்னால் "இவங்க ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க?" என்று இருக்கும். இவங்க என்றால் முஸ்லிம்கள். கேட்பவர்கள் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள். குழுவில் பாதிப் பேருக்கு மருமகனோ முதலாளியோ, அதுவும் இல்லையென்றால் மசாலா வாங்குகிற கடைக்காரரோ முஸ்லிமாக இருப்பார். அவரிடம் நேரில் போய் இதைக் கேட்க மாட்டார்கள். குழுவில் கேட்பார்கள்.

நான் இங்கே வந்து வெகுகாலம் ஆகிறது. இந்தக் கேள்விக்குக் குழுவில் பதில் எழுதிப் பலமுறை அழித்திருக்கிறேன். சரி, ஒரு தடவை முழுசாகவே எழுதிவிடலாம் என்றுதான் இது.

2018 மே 10, வியாழக்கிழமை. டர்பனுக்கு வடக்கே வெருலம் ஊரை ஒட்டி ஒட்டாவா என்ற பகுதியில் இமாம் ஹுசைன் பள்ளிவாசல் இருக்கிறது, முஸ்லிம்களில் சிறுபான்மைப் பிரிவான ஷியாக்களுடையது. மதியத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரம் மூன்று பேர் கத்தியோடு உள்ளே போனார்கள். ஒருவர் கழுத்து அறுபட்டு இறந்தார், இமாம் உட்பட இருவருக்குப் பலத்த காயம், கட்டடத்தின் ஒரு பகுதிக்குத் தீ வைத்துவிட்டுக் காரில் போய்விட்டார்கள். சில நாள் கழித்து அதே பள்ளிவாசலுக்குள் வெடிக்கும் கருவி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அப்புறம் ஜூலையில் டர்பனில் பெரிய மால்களில் உள்ள வுல்வொர்த்ஸ் கடைகளில் தீப்பற்றும் கருவிகள். நானும் அந்த நாட்களில் ஒரு மாலில் பால் பாக்கெட்டும் கையுமாக வெளியே துரத்தப்பட்டு வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் நின்றவன்தான். பக்கத்தில் ஹிஜாப் அணிந்த இரண்டு பெண்கள் குழந்தைகளோடு நின்றார்கள். அவர்களையும் அதே குண்டுதான் வெளியே துரத்தியது. இருந்தும் சிலபேர் அவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத வேண்டாம்.

வெருலத்துக்கு இங்குள்ள முஸ்லிம் அமைப்புகள் எல்லாம் கண்டன அறிக்கை கொடுத்தன. உலமா சபைகள், கேப் டவுனில் முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில், எல்லாரும்தான். குழுவில் கேள்வி கேட்டவர் அதில் ஒன்றையும் படித்திருக்க மாட்டார், அது வேறு விஷயம். ஆனால் நான் அறிக்கைகளைக் காட்டி வாதாடப் போவதில்லை. வெளியே பார்த்து அறிக்கை கொடுப்பது எவருக்கும் சுலபம். தன் பள்ளிவாசலுக்குள், தன் ஜமாஅத்தின் முன்னால், வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவில் நின்று "நம்ம ஆட்கள் செய்வது தப்பு" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம், அதைச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்த நாட்டின் கதை.

அதற்கு முன்னால், "இவங்க" யார்? 2022 மக்கள்தொகைக் கணக்குப்படி தென்னாப்பிரிக்காவில் முஸ்லிம்கள் 1.6 சதவீதம், இந்துக்கள் 1.1 சதவீதம். இரண்டு பேரும் சேர்ந்தாலும் மூன்றைத் தொடாத கூட்டம். அந்த 1.6க்குள் டச்சுக்காரர்கள் காலத்தில் அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்த கேப் மலாய்க்காரர்கள் இருக்கிறார்கள், குஜராத்தி மேமன், சூரத்தி வியாபாரிகள் இருக்கிறார்கள், மலாவியிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள், இங்கேயே மதம் மாறிய கறுப்பினத்தவர் இருக்கிறார்கள். நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு வந்த ட்ரூரோ கப்பலைப் பற்றித் தமிழ்ச் சங்கங்களில் வருடா வருடம் பேசுகிறோம். ஒப்பந்தக் கூலிகளாக மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களில் முஸ்லிம்களும் உண்டு என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். டர்பன் ப்ரூக் தெருவில் அடக்கமாகியிருக்கும் பாதுஷா பீர் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கூலியாக வந்தவர் என்பார்கள். அந்தத் தர்காவில் இன்றைக்கும் பொட்டு வைத்த ஆயாக்களைப் பார்க்கலாம்.

இப்போது கேப் டவுன். பகாட் என்றொரு இயக்கம், குண்டர் கும்பலுக்கும் போதைப்பொருளுக்கும் எதிரான மக்கள் என்று அர்த்தம் வரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு கேப் ஃப்ளாட்ஸ் பகுதியில் போதைக் கும்பல்கள் தெருவுக்குத் தெரு ஆட்சி செய்தன, போலீஸ் எட்டிப் பார்க்காது. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த பெற்றோர்தான் முதலில் கூடினார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, நானாக இருந்தாலும் போயிருப்பேன். 1996 ஆகஸ்ட் 4 அன்று கேட்ஸ்வில் பள்ளிவாசலிலிருந்து கார் வரிசையாகக் கிளம்பிய கூட்டம் சால்ட் ரிவரில் லண்டன் சாலைக்குப் போய், ஹார்ட் லிவிங்ஸ் கும்பலின் தலைவன் ரஷாத் ஸ்டாகியைச் சுட்டு, உயிரோடு தீ வைத்தது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, போலீசும் அங்கே நின்றது. (அவனுடைய இரட்டைச் சகோதரன் ரஷீத் 2019 டிசம்பரில் அதே லண்டன் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தத் தெரு அப்படி.)

அந்த இரவில் பகாட் நாடு முழுக்கப் பிரபலமானது. கஷ்டம் அங்கேதான் ஆரம்பம். போதை வியாபாரியை எரித்தவனை எந்த மௌலவி எப்படிக் கண்டிப்பது? கும்பிட்டவர்கள் அதிகம், இந்துக்களிலும் கிறிஸ்தவர்களிலும்கூட. முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில் முதலில் அனுதாபத்தோடுதான் பேசியது, பிறகுதான் மெல்ல விலகியது. ஆரம்பத்திலேயே வெளிப்படையாக எதிர்த்தவர்கள் சிலர் மட்டும். கிளேர்மான்ட் மெயின் ரோடு பள்ளிவாசலின் இமாம் ரஷீத் ஓமர் அதில் ஒருவர். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கல்வி கற்பித்த இப்ராஹிம் மூசா இன்னொருவர். 1998 ஜூலையில் மூசாவின் வீட்டில் குழாய் வெடிகுண்டு வெடித்தது. குடும்பத்தோடு நாட்டைவிட்டே கிளம்பி அமெரிக்கா போய்விட்டார். அங்கேயே பேராசிரியராகத் தங்கிவிட்டார்.

வாய் திறக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திறந்தவருக்குக் கிடைத்தது குண்டு. அடுத்த மாதம், ஆகஸ்ட் 25 அன்று, கேப் டவுன் கடற்கரை வளாகத்தில் பிளானட் ஹாலிவுட் என்ற அமெரிக்க உணவகத்தில் வெடித்த குண்டுக்கு இரண்டு பேர் பலி. அமெரிக்கா சூடானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஏவுகணை வீசி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. போதைக் கும்பலுக்கு எதிராக இயக்கம் ஆரம்பித்த ஊரில் குண்டு எங்கெங்கோ வெடிக்கத் தொடங்கியது: உணவகம், மதுக்கடை, யூத ஆலயம், போலீஸ் நிலையம். 2000 செப்டம்பரில் பகாட் வழக்குகளை விசாரித்த மாஜிஸ்ட்ரேட் பீட்டர் தெரோன் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குள் ஆதரவு கரைந்துவிட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனதும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. இயக்கத்துக்குப் பலமே பள்ளிவாசல்தான். கூட்டம் கூடுவதும் நிதி சேர்வதும் அங்கே. ஒவ்வொரு பள்ளிவாசலாகக் கதவைச் சாத்தியபோது குண்டு வைப்பவன் வெறும் குண்டு வைப்பவனாக நின்றான். இது ஒரு நாளில் நடக்கவில்லை, நாலு வருடம் எடுத்தது. என் பார்வையில் ஒரு வருடம் முன்னாலேயே நடந்திருக்கலாம். கவுன்சில் தயங்கிய அந்த முதல் மாதங்களை அவர்களிலேயே பலர் இன்று தவறு என்கிறார்கள்.

தயக்கத்துக்கு இன்னொரு வேர் உண்டு, அது தெரியாமல் இங்குள்ள முஸ்லிம்களின் பேச்சு நமக்குப் புரியவே புரியாது. இந்த நாட்டில் "பயங்கரவாதம்" என்ற சொல்லுக்கு ஒரு பழைய வாசனை இருக்கிறது. நிறவெறி அரசு 1967இல் பயங்கரவாதச் சட்டம் என்றே ஒன்று போட்டது. யாரை வேண்டுமானாலும் விசாரணை இல்லாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம். கேப் டவுன் ஸ்டெக்மன் சாலைப் பள்ளிவாசலின் இமாம் அப்துல்லா ஹாரூன் 1969 மே 28 அன்று பிடிபட்டார், 123 நாள் கழித்து செப்டம்பர் 27 அன்று லாக்கப்பில் இறந்தார். படிக்கட்டில் விழுந்துவிட்டார் என்றது போலீஸ். ஜனாஸாவுக்கு, அதாவது இறுதிச் சடங்குக்கு, நாற்பதாயிரம் பேர் வந்தார்கள் என்று கணக்கு, அன்று இரவே கேப் பகுதியில் பெரிய நிலநடுக்கம், அதை இன்றும் கிழவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சித்திரவதையால்தான் இறந்தார் என்று நீதிமன்றம் சொல்ல 2023 அக்டோபர் ஆனது. ஐம்பத்து நாலு வருடம். மண்டேலாவின் பெயரே 2008 வரைக்கும் அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது.

அதனால் 2002க்குப் பிறகு புதிய அரசு பயங்கரவாத எதிர்ப்பு மசோதா கொண்டுவந்தபோது முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. கொசாட்டு தொழிற்சங்கமும்தான் எதிர்த்தது, வேலைநிறுத்தம் செய்வோம் என்றது. மசோதா திருத்தப்பட்டு, பெயரும் மாறி, 2004ஆம் ஆண்டின் 33ஆம் சட்டமாக வந்தது. பெயரின் முன்பகுதி அரசமைப்பு ஜனநாயகத்தைக் காப்பது என்று இருக்கும், பயங்கரவாதம் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. இதை வைத்து "பாருங்க, சட்டத்தையே எதிர்க்கிறாங்க" என்று எழுதுகிறார்கள். லாக்கப்பில் செத்த இமாமை நினைவில் வைத்திருக்கும் ஜமாஅத் வேறு என்ன செய்யும்?

இன்னொரு உதாரணம். 1998இல் தார் எஸ் சலாமில் அமெரிக்கத் தூதரகத்தைத் தகர்த்த வழக்கில் தேடப்பட்ட கல்ஃபான் காமிஸ் முகமது கேப் டவுனில் ஒரு பர்கர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். 1999 அக்டோபரில் பிடித்து நேராக எஃப்.பி.ஐ. கையில் கொடுத்தார்கள். அது சட்டவிரோதம், மரண தண்டனை கிடையாது என்ற உறுதிமொழி வாங்காமல் ஒப்படைத்திருக்கக் கூடாது என்று 2001 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆள் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. குண்டு வைத்தவனுக்கும் சட்டம் உண்டு என்று சொன்னால் அவனுக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடுமா? நம் குழுவில் ஆகிவிடும்.

சரி, மறுபடி டர்பன். வெருலத்தில் நடந்தது வேறு விதமான நோய். அங்கே குறி வைக்கப்பட்டது வெள்ளைக்காரனோ அமெரிக்கனோ இல்லை, பள்ளிவாசலில் இருந்த இன்னொரு முஸ்லிம். இதற்குப் பின்னால் இருப்பது தக்ஃபீர், அதாவது கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழி சொன்ன ஒருவனையே "நீ காஃபிர், முஸ்லிம் இல்லை" என்று விலக்கிவைப்பது. இதற்கு எதிராக உலகம் முழுக்க ஆலிம்கள் எழுதியிருக்கிறார்கள். 2005இல் ஜோர்டானின் அம்மானிலிருந்து வந்த பிரகடனம் ஷியா உட்பட எட்டு மத்ஹபுகளை, அதாவது சட்டப் பிரிவுகளை, பின்பற்றுகிறவர்களையும் முஸ்லிம்கள் என்றே ஏற்றது, 2014 செப்டம்பரில் 126 அறிஞர்கள் ஐ.எஸ். தலைவன் பக்தாதிக்கு நீண்ட திறந்த கடிதம் எழுதி அவன் செய்வது ஒவ்வொன்றும் மார்க்கத்துக்கு விரோதம் என்று ஆதாரம் காட்டினார்கள். நல்ல கடிதம். ஆனால் எங்கோ இருந்து அரபியில் எழுதுவதும் ஒட்டாவாவில் பக்கத்துத் தெரு ஷியாக்காரனை "சகோதரர்" என்று கூப்பிடுவதும் ஒன்று இல்லை. 2018க்கு முன்பே டர்பனில் ஷியாக்களைப் பற்றி வானொலியிலும் துண்டுப் பிரசுரத்திலும் ஏசியது கொஞ்சநஞ்சமில்லை. கொலையைக் கண்டித்த அறிக்கைகளில் சில, கண்டித்த கையோடு "ஷியாக் கொள்கையை நாங்கள் ஏற்கவில்லை" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டன. அந்த நேரத்தில் அந்த வரி எதற்கு?

இது புதுசும் இல்லை. 1987இல் ஜோஹானஸ்பர்க் பக்கம் அசாத்வில்லில் நபியின் பிறந்தநாளான மீலாது விழாக் கூட்டத்தில், அது கூடாது என்கிற தப்லீக்காரர்களுக்கும் கொண்டாடுகிற சுன்னத் ஜமாஅத்காரர்களுக்கும் மோதல் வந்து ஒருவர் கொல்லப்பட்டார். இரண்டு பக்கமும் சுன்னிகள், இரண்டு பக்கமும் இந்தியர்கள். மீலாது ஓதலாமா, தர்காவுக்குப் போகலாமா என்பதுதான் சண்டை. அன்றைக்கு அல்காயிதாவும் இல்லை, ஐ.எஸ்.ஸும் இல்லை. வெருலத்தை ஐ.எஸ். இறக்குமதி செய்தது என்று மட்டும் சொல்லிவிட்டால் கணக்குச் சரியாகாது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது மொஹரம்தான். கரும்புத் தோட்டக் காலத்தில் டர்பனைச் சுற்றிய நேட்டாலில் இந்தியர்களின் மிகப்பெரிய பண்டிகை தீபாவளி இல்லை, மொஹரம். தோட்ட முதலாளிகள் அதற்குத்தான் மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் "கூலி கிறிஸ்துமஸ்" என்று இளக்காரமாகச் சொன்னார்கள். தமிழ்க் கூலிகள் உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிப் புலி வேஷம் கட்டி ஆடினார்கள், மூங்கிலிலும் வண்ணக் காகிதத்திலும் செய்த தேரைத் தோளில் தூக்கி உம்கேனி ஆறு வரைக்கும் கொண்டுபோனார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அல்லாப் பண்டிகை என்று இந்துக்கள் தீமிதிப்பது தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அந்தத் தேர் யார் நினைவாக? கர்பலாவில் கொல்லப்பட்ட இமாம் ஹுசைன். வெருலம் பள்ளிவாசலின் பெயர் என்ன? அதே பெயர். நூறு வருடத்துக்கு முன்னால் நம் பாட்டன்மார் தூக்கிய பெயர்.

அந்தப் பண்டிகையைக் குறைத்தது இரண்டு பக்கமும்தான். மௌலானாக்கள் அது பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை என்றார்கள். 1908இல் வந்த சுவாமி சங்கரானந்தா போன்றவர்கள் இந்துக்கள் துலுக்கப் பண்டிகையில் ஆடலாமா, தீபாவளி கொண்டாடுங்கள் என்றார்கள். இரண்டும் சுத்தப்படுத்தும் வேலை. சுத்தப்படுத்தியதில் நமக்குத் தீபாவளி கிடைத்தது, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வருடத்துக்கு மூன்று நாள் போனது.

இலங்கையைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைமை தாங்கிய ஸஹ்ரான் காத்தான்குடிக்காரன், தமிழில் பயான், அதாவது மார்க்கப் பேச்சு, செய்தவன். அவனைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே முன்கூட்டியே அதிகாரிகளிடம் புகார் சொல்லியிருந்தார்கள். 2017இல் காத்தான்குடியில் அவன் கூட்டம் அடிதடியில் இறங்கியதும் சூஃபி வழி நின்ற முஸ்லிம்களோடுதான். குண்டு வெடித்த பிறகு இலங்கை ஆலிம்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களை அடக்கம் செய்ய எந்தப் பள்ளிவாசலிலும் இடமில்லை என்றது. முதலில் அடி வாங்குவது பக்கத்து முஸ்லிம், முதலில் புகார் சொல்வதும் அவன்தான். அந்தப் புகார் எந்த அலமாரியில் தூங்கியது என்பதை எங்கள் குழுவில் யாரும் கேட்பதில்லை.

அறிக்கை ஒன்றும் எழுதாமல் வேலையில் இறங்கியவர்களும் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் மருத்துவர் இம்தியாஸ் சுலைமான் 1992இல் ஆரம்பித்த கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் வெள்ளம், பஞ்சம், நிலநடுக்கம் என்று எங்கும் போய் நிற்கும் நிறுவனம். எங்கள் பக்கம் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் லாரியோடு வந்தவர்கள். 2013 மே மாதம் யேமனில் தாயிஸ் நகரில் ப்ளூம்ஃபோன்டைன் ஆசிரியர் பியர் கோர்கியையும் மனைவி யோலாண்டையும் அல்காயிதா பிடித்துக்கொண்டுபோனது. இந்த நிறுவனத்தின் யேமன் ஆள் கோத்திரத் தலைவர்களைப் பிடித்து, நேரிலே போய்ப் பேசி, 2014 ஜனவரியில் யோலாண்டை வெளியே கொண்டுவந்தார், பணம் கொடுக்காமல். பியருக்காகப் பேச்சு நடந்து, டிசம்பர் 7 விடுதலை என்று ஏற்பாடு முடிந்திருந்ததாக நிறுவனம் சொன்னது. 6ஆம் தேதி அதிகாலை அமெரிக்கப் படை அதே இடத்தில் பிடிபட்டிருந்த தங்கள் பத்திரிகையாளரை மீட்க இறங்கியது. இருவருமே செத்தார்கள். பியர் அங்கே இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அமெரிக்கர்கள்.

பக்கத்து மொசாம்பிக்கில் 2017 அக்டோபரில் காபோ டெல்காடோவில் தொடங்கிய கலவரம், ஜோஹானஸ்பர்க்கில் பயங்கரவாத வழக்கில் 2016இல் கைதாகி 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட இரட்டைச் சகோதரர்கள், 2023 பிப்ரவரியில் பயங்கரவாத நிதியைச் சரியாகத் தடுக்கவில்லை என்பதும் ஒரு காரணமாகத் தென்னாப்பிரிக்கா, நிதிக் கண்காணிப்பில் குறையுள்ள நாடுகளின் சர்வதேச "சாம்பல்" பட்டியலில் சேர்ந்தது, இவற்றைப் பற்றியெல்லாம் தனித்தனியாக எழுதலாம்.

வெருலம் வழக்குக்கு வருகிறேன். 2018 அக்டோபரில் பத்துப் பேருக்கு மேல் கைதானார்கள். வாய்தா, வாய்தா, வாய்தா. அரசுத் தரப்பு தயாராக இல்லை என்று 2020 ஜூலையில் நீதிமன்றம் வழக்கைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். செத்தவர் வீட்டுக்கு யார் போய் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்னப் பள்ளிவாசல், சுன்னிகளுடையது. முன்பெல்லாம் கேட் திறந்தே கிடக்கும், மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். வெருலத்துக்குப் பிறகு இரும்புக் கேட், மேலே மின்கம்பி, ரிமோட்டில் திறக்கும். ரமலானில் கஞ்சி கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. போன வருடம் தூக்குச்சட்டியோடு போய் நின்றேன். ரிமோட் வேலை செய்யவில்லை, உள்ளே இருந்த பெரியவர் பேட்டரியைக் கழற்றி வேட்டியில் தேய்த்து மறுபடி போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். அஞ்சு நிமிஷம் ஆகியும் திறக்கவில்லை. கடைசியில் கம்பிக்கு இடையில் கையை நீட்டி, என் சட்டியை வாங்கிக்கொண்டு போனார்.